மைசூர்: இரண்டு தீ, ஒரு வாள்

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் மதிய ரயிலுக்கு இப்போது உடையார் எக்ஸ்பிரஸ் என்று பெயர். 2022 அக்டோபர் வரை அது திப்பு எக்ஸ்பிரஸ். பெட்டிகள், மத்தூர் வடைக் கூடையோடு ஏறி இறங்குபவர்கள், ஜன்னலோரத்துக்குச் சண்டை போடும் குழந்தைகள், எதுவும் மாறவில்லை. பெயர்ப் பலகை மட்டும் மாறியிருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், "திப்பு எந்த பிளாட்பாரம்?" என்று கேட்டார். போர்ட்டர் தயங்காமல் கையை நீட்டினார். இரண்டு பேருக்கும் குழப்பம் இல்லை.

வழி முழுக்கக் காவிரி நாடு. அதோடு சினிமா நாடும்கூட. ராமநகரத்தின் மொட்டைப் பாறைகள் தெரிந்ததும் பெட்டியில் யாராவது ஒருவர் 'ஷோலே' என்று சொல்லாமல் இருப்பதில்லை. 1975-ல் வந்த அந்தப் படத்தின் கப்பர் சிங், வட இந்தியச் சம்பல் கொள்ளைக்காரன் போலத் தோன்றினாலும், வசித்தது இந்தக் கன்னடப் பாறைகளில்தான். பாண்டவபுரத்திலிருந்து விலகிப்போனால் மேல்கோட்டை. 'தளபதி' பார்த்தவர்களுக்கு அந்த ஊரின் முடிக்கப்படாத ராயகோபுரம் அந்நியமாகத் தோன்றாது. மைசூரைச் சுற்றிய ஐம்பது கிலோமீட்டரில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஏதோ ஒரு கேமரா ஏற்கெனவே அங்கு நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

இந்த முறை நான் தேடிப்போனது அரண்மனையை அல்ல. அரண்மனை மாதிரி ஒன்றை. சஞ்சய் கான் எடுத்த 'த ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்' தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு மைசூர் பிரிமியர் ஸ்டூடியோவில் நடந்துகொண்டிருந்தது. 1989 பிப்ரவரி 8-ஆம் தேதி அந்தத் தளம் தீப்பற்றி எரிந்தது. 62 பேர் இறந்தார்கள். இந்தியப் படப்பிடிப்பு வரலாற்றில் இதைவிடக் கொடிய விபத்து எனக்குத் தெரிந்து இல்லை. சரித்திரத்தில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் கல்வெட்டு வைத்திருக்கும் இந்தப் பிரதேசத்தில், சரித்திரப் படம் எடுக்கப்போய் மாண்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்தேன்.

மைசூருக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் ரயில் காவிரியைக் கடந்து ஒரு தீவுக்குள் நுழைகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம். ஒரு பக்கம் ரங்கநாதர் கோயில் கோபுரம், இன்னொரு பக்கம் திப்பு கட்டிய மசூதியின் இரட்டை மினார். நடுவில் கோட்டைச் சுவரை ஒட்டி ஸ்டேஷன். இரட்டை ரயில் பாதை போட வந்தபோது திப்புவின் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. தொல்பொருள் சின்னம், இடிக்க முடியாது. 2017 மார்ச்சில், சுமார் 1000 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அடியோடு பெயர்த்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைத்தார்கள். ஒரு செங்கல் சேதமாகாமல் நகர்த்தியதாகப் பெருமையோடு சொல்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். வெடிமருந்தே இல்லாத ஒரு கிடங்கின்மேல் இவ்வளவு அக்கறை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திப்பு 1799 மே 4-ஆம் தேதி விழுந்து கிடந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஹைதர் அலி, அவர் மனைவி, திப்பு மூவரும் அடங்கிய கும்பஸ், பளபளக்கும் கறுப்புக் கல் தூண்களோடு நிற்கிறது. இங்கே சிறைப்பட்டு இறந்த கர்னல் பெய்லிக்கும் ஒரு நினைவு மண்டபம் உண்டு. தோற்றவனுக்கும் உண்டு, வென்றவனுக்கும் உண்டு.

ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நான் அதிக நேரம் நின்றது தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முன்பு. 1784-ல் திப்பு கட்டிய கோடைக்கால மாளிகை இது. தேக்குத் தூண்கள், சுற்றிலும் தோட்டம், வெயிலை மறைக்கத் தொங்கும் பச்சைத் திரைகள். உள்ளே போவதற்கு முன்பே சுவர் நிறுத்திவிடுகிறது. அது முழுக்க யுத்தம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நம்முடைய புள்ளலூரில் நடந்த யுத்தம். ஆங்கிலேயர்கள் அதைப் 'பொல்லிலூர்' ஆக்கிவிட்டார்கள். கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்து ஒழித்தார்கள். சில மைல் தள்ளிக் காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. தன் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

சுவரில் இது எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கிறது. தலைகள் பந்துபோல உருள்கின்றன. சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புக் கோட்டுக்காரர்களுக்கு நடுவில், பல்லக்கில் உட்கார்ந்த பெய்லி விரலைக் கடிக்கிறார். வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறுகிறது. யுத்தத்தின் போக்கையே திருப்பிய வெடிப்பு அது. திப்புவோ இந்தக் களேபரத்தின் ஓரத்தில், தோட்டத்தில் உலாவுபவர் மாதிரி ரோஜாவை முகர்ந்துகொண்டிருக்கிறார். கதாநாயகனுக்கு என்ன நடந்தாலும் தலைமுடி கலையாது என்ற விதி சினிமாவுக்கு முன்பே வந்துவிட்டது என்று தெரிகிறது.

இது சரித்திரமா? வென்றவர் செலவில் வரையப்பட்ட சரித்திரப் படம். ஹீரோ, வில்லன், கூட்டம், வெடி எல்லாம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், திப்பு இறந்தபின் இதே மாளிகையில் குடியிருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். மங்கிப்போயிருந்த இந்த ஓவியத்தை 1855-ல் புதுப்பிக்கச் சொன்னவர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. தாங்கள் தோற்ற காட்சியைத் தாங்களே செலவழித்துத் திரும்பத் தீட்ட வைத்தார்கள். நல்ல படம் என்றால் எதிரியும் டிக்கெட் வாங்குவான்.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த மறு வருடம், 1800-ல், லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர் அந்த முற்றுகையை 120 அடி நீளத் திரைச்சீலையில் வரைந்தார். ஆறே வாரத்தில் முடித்தாராம். காசு கொடுத்துப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. லண்டன்காரர்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டே மைசூரின் வீழ்ச்சியைப் பார்த்தார்கள். அசையாத படம், அசையும் பார்வையாளர்கள். சினிமாவுக்கு இதைவிட நெருக்கமாக அன்றைக்கு எதுவும் இல்லை. (அந்தத் திரைச்சீலையும் பிற்பாடு தீயில்தான் அழிந்தது.)

ஆக, திப்புவைப் படம் பிடிக்கும் ஆசை சஞ்சய் கானுக்கு முதலில் வந்ததல்ல. அவருக்கு அந்த ஆசை வந்தது பகவான் கித்வானி 1976-ல் எழுதிய ஆங்கில நாவலைப் படித்து. சஞ்சய் கான் பெங்களூரில் பிறந்தவர். பெரோஸ் கானின் தம்பி. 'தோஸ்தி', 'ஹகீகத்' காலத்திலிருந்து ஹிந்திப் படங்களில் அழகான முகமாக வந்துபோனவர். 'சாந்தி சோனா', 'அப்துல்லா' என்று சொந்தமாகவும் படம் எடுத்தவர். ராமாயணமும் மகாபாரதமும் தூர்தர்ஷனில் தேசத்தையே கட்டிப்போட்டிருந்த சமயம் அது. புராணத்தை அடுத்து வரலாறு என்று அவர் கணக்குப் போட்டது வியாபாரத்துக்கும் பொருந்தியது, உணர்வுக்கும் பொருந்தியது. திப்பு வேஷம் அவருக்கே. ஹைதர் அலியாக ஷாபாஸ் கான். இசைக்கு நௌஷாத்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஓர் இடைச்செருகல். நம் சரித்திரப் படங்களின் தலைமகனான 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-ல் வந்தது. அதை எடுத்த பி.ஆர்.பந்துலு அன்றைய மைசூர் ராஜ்யத்தின் கோலார் பகுதிக்காரர். 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்த அதே கையால் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா'வும் எடுத்தார். திப்பு விழுந்தது 1799 மே மாதம். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது அதே வருடம் அக்டோபர் மாதம். இடையில் ஐந்தே மாதம். ஒரே கம்பெனி, ஒரே வருடக் கணக்குப் புத்தகம். ஆனால் ஒருவர் படத்துக்கு வந்தது கைதட்டல். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் எழுதினார்தான். சிவாஜியின் கர்ஜனையில் அது யார் காதிலும் விழவில்லை. இன்னொருவர் தொடருக்கு நேர்ந்தது வேறு.

தொடர் தயாராகும்போதே எதிர்ப்பு கிளம்பியது. குடகிலும் மலபாரிலும் திப்புவின் படையெடுப்புகள் விட்டுச்சென்ற நினைவுகள் கசப்பானவை: சிறைபிடிப்புகள், கட்டாய மதமாற்றங்கள். இன்னொரு பக்கம், மராட்டியப் படை 1791-ல் சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குப் பணமும் ஆறுதல் கடிதங்களும் அனுப்பிய திப்புவும் அதே ஆள்தான். நாவல் இரண்டாவது திப்புவை எடுத்துக்கொண்டு முதல் திப்புவை விட்டுவிட்டது என்பது புகார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 1990-ல் தொடர் ஒளிபரப்பானபோது, ஒவ்வொரு வாரமும் முன்னால் ஓர் அறிவிப்பு வந்தது: இது புனைகதை, திப்புவின் வாழ்க்கைக்கோ ஆட்சிக்கோ இதற்குச் சம்பந்தம் இல்லை, ஒரு நாவலின் நாடக வடிவம் மட்டுமே.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அப்போது மூன்று வீடுகளில்தான் டி.வி. கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் புள்ளி புள்ளியாகப் படம் வரும். ஹிந்தி யாருக்கும் தெரியாது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுத் தாத்தாவைத் தவிர. அவர் அந்த அறிவிப்பை வாராவாரம் மொழிபெயர்ப்பார். எப்படியும் நாங்கள் குதிரையையும் வாளையும் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தீ விபத்துச் செய்தி ஊருக்கே தெரியும், பேப்பரில் வந்திருந்தது. ஒரு வாரம் எங்கள் ஆச்சி தாத்தாவை மறித்தாள். "எல்லாம் கதைன்னு சொல்லுதான். அப்போ தீயில செத்துப்போனாகளே, அவுகளும் கதையா?" தாத்தா பதில் சொல்லவில்லை. குதிரைகள் ஓட ஆரம்பித்துவிட்டன.

முப்பத்தைந்து வருடம் கழித்து நான் மைசூர் ஸ்டேஷனில் இறங்கியதற்கு, உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்விதான் காரணம்.

"பிரிமியர் ஸ்டூடியோவா? அங்கே பார்க்க ஒண்ணும் இல்லையே சார்" என்றார் ஆட்டோ டிரைவர், என் கன்னடத்தைக் கேட்டுப் பரிதாபப்பட்டுத் தமிழுக்கு மாறி. அவர் தாத்தா தர்மபுரியிலிருந்து வந்தவராம். அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, பிருந்தாவனம், நாலும் சேர்த்து ஒரு ரேட் என்று பட்டியலிட்டார். ஓட்டலில் கொடுத்த வரைபடத்திலும் இந்த நாலும் உண்டு, ஸ்டூடியோ இல்லை. ஹுன்சூர் ரோட்டுக்கு மட்டும் போகலாம் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மீட்டரைப் போட்டார்.

மைசூரின் பழைய சினிமாக்காரர்களுக்கு ஹுன்சூர் ரோடு என்றால் பிரிமியர்தான். கன்னடப் படவுலகம் பெங்களூரில் வேர் விடுவதற்கு முன்னால், சென்னை ஸ்டூடியோக்களை விட்டால் இங்கேதான் வேலை நடந்தது. தமிழ், ஹிந்திக் கம்பெனிகளும் வந்து தங்கின. செலவு குறைவு, நல்ல வெளிச்சம், அரை மணி நேரத்தில் ஆறு, மலை, அரண்மனை, காடு. தயாரிப்பாளருக்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் காலத்து ஸ்டூடியோத் தளத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், அது எப்படிப்பட்ட இடம் என்று. பெரிய கொட்டகை. வெளிச்சம் உள்ளே வரக்கூடாது, சத்தமும் வரக்கூடாது. ஆகவே ஜன்னல் கிடையாது. எதிரொலியைக் குடிக்கச் சுவரில் ஏதாவது அடிக்க வேண்டும். பிரிமியர் தளத்தின் சுவரில் தீப்பிடிக்காத பொருள் அல்ல, சாக்குகள் இருந்தன. மலிவு, எளிதில் கிடைக்கும், எதிரொலியையும் நன்றாகவே குடிக்கும். உள்ளே தர்பார் மண்டபம் என்று நாம் திரையில் பார்ப்பது மரச் சட்டத்தில் அடித்த பிளைவுட். அதன்மேல் பிளாஸ்டர், துணி, தெர்மோகோல், பெயின்ட். மேலே பலகைச் சாரத்தில் வரிசையாகப் பெரிய விளக்குகள். விளக்குக்குப் பின்னால் ஒரு லைட்மேன். ஒவ்வொரு விளக்கும் ஓர் அடுப்பு. தளத்துக்குள் வெப்பம் 120 டிகிரி செல்ஷியஸ் வரை ஏறியதாகப் பிற்பாடு எழுதினார்கள். தளர்ந்துகிடந்த மின்கம்பிகளும் காற்றுப்போக்கி இல்லாததும் தீ பிறக்கவும் பரவவும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

எந்தப் பொறி என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கொட்டகைக்குள் எரியாத பொருள் எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். தீப்பிடித்த பிறகு மேலே சாரத்தில் நிற்கும் ஆளுக்கு இறங்கி வர ஏணி வேண்டும். கீழே கூட்டமாக நிற்கும் ஆளுக்குக் கதவு வேண்டும். ராஜா வேஷம் போட்டவர் முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லாருக்கும் ஒரே புகை.

காயமடைந்தவர்கள் நகரத்தின் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியான கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊரில் அதற்குமுன் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை. சஞ்சய் கானுக்கும் உடம்பெல்லாம் தீக்காயம். பிழைப்பது அரிது என்ற நிலை. பதின்மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். இயக்கும் பொறுப்பைத் தம்பி அக்பர் கான் ஏற்றார். தொடர் நிற்கவில்லை. திப்புவும் வேஷம் கலைக்கவில்லை. உயிர் பிழைத்த சஞ்சய் கான் திரும்பவும் தலைப்பாகை கட்டிக்கொண்டு கேமரா முன் வந்தார்.

இதை என்னவென்று சொல்வது? பிடிவாதம் என்பார்கள், வீரம் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்த மனிதரின் வலியைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவரே 2018-ல் வெளியிட்ட சுயசரிதைக்கு, என் வாழ்க்கையின் சிறந்த தவறுகள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு வைத்தார். அதன் பிறகும் அவரைச் சரித்திரம் விடவில்லை: 1994-ல் பானிபட் யுத்தத்தில் தப்பிப் பிழைத்த மகாதஜி சிந்தியாவைப் பற்றி 'த கிரேட் மராத்தா', பிறகு '1857 கிராந்தி'. தோற்ற யுத்தத்திலிருந்து எழுந்து வரும் நாயகர்கள் என்றால் அவருக்கு ஈர்ப்பு அதிகம். காரணம் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் தொடரைப் பற்றி மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். சமீபத்தில் சில பகுதிகளைத் திரும்பப் பார்த்தேன். வசனம் நீளம். எதிரிகள் சதி செய்யும்போது சதி செய்கிறோம் என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொள்கிறார்கள். யுத்தத்தில் அதே இருபது குதிரைகள் இடமிருந்தும் வலமிருந்தும் மாறி மாறி ஓடுகின்றன. தரியா தௌலத் சுவரில் பெயர் தெரியாத ஓவியர்கள் காட்டிய உயிர்த்துடிப்பில் கால்வாசிகூட இல்லை. நௌஷாத்தின் இசை மட்டும் இன்னும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து எடுக்கப்பட்ட ஒன்று இன்னும் நன்றாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் வருகிறது. உடனே, நன்றாக இருந்திருந்தால் மட்டும் அந்த விலை சரியாகிவிடுமா என்று வெட்கமாகவும் இருக்கிறது.

"இந்தப் பக்கம்தான் சார்" என்று டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. நிற்கக்கூட வழியில்லை. சாலையோர மரங்கள், டூவீலர்கள், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள், இளநீர் வண்டி. படப்பிடிப்பு உலகம் இங்கிருந்து போய் வெகு காலம் ஆகிவிட்டது. அந்தத் தீக்குப் பிறகு பிரிமியருக்குப் பழைய நாட்கள் திரும்பவே இல்லை. "சொன்னேனே, ஒண்ணும் இல்லைன்னு" என்றார் டிரைவர், நியாயமாக. இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "டிப்பு ஸ்டூடியோ?" என்று அவர் கத்தியாலேயே திசை காட்டினார். பிரிமியர் என்ற பெயர் அவர் வாயில் வரவில்லை. எரித்தவன் பெயரல்ல, எரிந்தவர்கள் பெயருமல்ல, வேஷத்தின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதே சாலையை ஒட்டிய மானசகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஜெயலட்சுமி விலாஸ் என்ற மாளிகை இருக்கிறது. வழியோடு வழியாகப் போய்ப் பார்க்கலாம் என்று டிரைவர்தான் சொன்னார். 1905-ல் மைசூர் மன்னரின் மூத்த இளவரசி ஜெயலட்சம்மணிக்காகக் கட்டியது. பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் அருங்காட்சியகம் அமைந்த இடம். தூண்களையும் மாடிகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பெயர் எங்கே கேட்டது என்று உறைத்தது. மைசூரின் பழைய மர அரண்மனை 1897 பிப்ரவரியில் எரிந்து சாம்பலானது இந்த இளவரசியின் கல்யாணத்தின்போதுதான்.

மரம், துணி, தோரணம், விளக்கு, கூட்டம். இரண்டு தீக்கும் இடையில் தொண்ணூற்றிரண்டு வருடம். இரண்டுக்கும் பிப்ரவரி மாதம். இரண்டுமே அரண்மனை, ஒன்று அசல், மற்றது நகல். பிப்ரவரியில் மைசூர்ப் பக்கம் மழை கிடையாது. மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்.

அசல் எரிந்ததும் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க ஊருக்குள் திரும்பினேன். சிறுவனான மன்னருக்குப் பதில் ஆட்சியைக் கவனித்த தாயார் வாணி விலாச சன்னிதானம், அதே வருடமே புது அரண்மனைக்கு ஏற்பாடு செய்தார். சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஹென்றி இர்வின்தான் கட்டடக் கலைஞர். நம் ஹைகோர்ட் கட்டடத்தில் பங்கு உள்ளவர். 1912-ல் வேலை முடிந்தது. செலவு 41 லட்சத்துக்கும் மேல். எந்த வைபவத்தில் பழைய அரண்மனை போனதோ, அந்த வைபவத்துக்கான கல்யாண மண்டபத்தைப் போய்ப் பாருங்கள். எண்கோண மண்டபம், மேலே மயில் வரைந்த வண்ணக் கண்ணாடி, தாங்கி நிற்பவை கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்த வார்ப்பிரும்புத் தூண்கள். இரும்பும் கல்லும் கண்ணாடியும். ஒரு தடவை சுட்டுக்கொண்ட ராஜ வீடு பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. ஊரிலேயே விலை உயர்ந்த பாடம் அதுதான். ஆனால் பாடம் அரண்மனை மதிலுக்கு வெளியே, சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஸ்டூடியோக் கொட்டகை வரை வந்து சேரவில்லை.

கல்யாண மண்டபத்தைச் சுற்றிய சுவர்களில் தசரா ஊர்வல ஓவியங்கள் இருக்கின்றன. மொத்தம் இருபத்தாறு. புகைப்படங்களை வைத்து வரைந்தவை. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவர் சரித்திர நாடகம் என்றால் இது டாக்குமெண்டரி. யானை, அம்பாரி, அதிகாரிகள், குதிரைப்படை, பாண்டு வாத்தியக்காரர்கள், தீவட்டிக்காரர்கள். கூட்டத்தில் ஒருவர் முகம் இன்னொருவர் முகம்போல இல்லை. குடை பிடிப்பவனுக்கும் தனி மூக்கு, தனி மீசை. இந்த ஊர்வலத்தில் நடந்த யாரோ ஒருவரின் பேத்தி வந்து, 'இதோ என் தாத்தா' என்று காட்டக்கூட முடியும். மைசூரில் எனக்கு ரொம்பப் பிடித்த படம் இதுதான்.

சஞ்சய் கானின் தொடர் முடிந்து, கடைசி எழுத்துகள் ஓடும்போது எங்கள் தெருவில் டி.வி.யை அணைத்துவிடுவார்கள். கரண்ட் மிச்சம்.

திப்புவின் கதை அப்படி அணையவில்லை. கிரீஷ் கர்னாட், திப்பு பாரசீகத்தில் ரகசியமாக எழுதி வைத்த கனவுக் குறிப்புகளிலிருந்து ஒரு நாடகம் செய்தார். கர்நாடக அரசு 2015-ல் திப்பு ஜெயந்தி கொண்டாட ஆரம்பித்தது. அந்த முதல் வருடமே குடகில் கலவரம், உயிர்ப்பலி. 2019-ல் அடுத்த அரசு கொண்டாட்டத்தை நிறுத்தியது. ரயில் பெயர் மாறியது. 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்புவின் படுக்கையறை வாள் ஒன்று 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. வாளுக்கு விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. திப்பு நல்லவரா கெட்டவரா என்று இரண்டு தரப்பும் 1799-ஐப் பற்றி மூச்சு விடாமல் பேசுகின்றன. 1989-ல் அவர் பெயரால் இறந்தவர்களை இரண்டு தரப்பும் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர்களில் யார் எந்த மதம் என்று தேடும் சிரமம் இருக்கிறதே.

விபத்துகளும் நிற்கவில்லை. 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மறுபடி பிப்ரவரி, மறுபடி பெரிய விளக்குகள், பெரிய செட், நடுவில் மனிதர்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அரண்மனை மைதானத்தில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பலூன், சுண்டல், செல்ஃபி. ஏழு மணிக்கு, முன்னறிவிப்பே இல்லாமல், சுமார் 97,000 விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. 'ஆ' என்ற ஒரே சத்தம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடி ஏமாற்றுவதில்லை. கல்லும் இரும்பும் மறைந்து, அரண்மனை வெறும் ஒளிக்கோடாக, யாரோ ஆணி அடித்து நிறுத்திய செட் மாதிரி நின்றது. பக்கத்தில் ஒரு தகப்பன் தோளில் இருந்த குழந்தை, "எரியுது" என்றது தமிழில். "எரியலடா, லைட்டு" என்றார் அவர்.

சிறிது நேரம் கழித்து விளக்குகள், வந்த மாதிரியே, ஒரே நொடியில் அணைந்தன. கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆயிரக்கணக்கான பேர் இருட்டில் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தோம். வாசலருகே காக்கிச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, டார்ச்சை ஆட்டி, "ஈ கடே பன்னி, மெல்ல, மெல்ல" என்று வழி காட்டிக்கொண்டிருந்தார்.